திறந்த மூலமும் மூடிய அவையும்

மூலநிரலை எவரும் வாசிக்கலாம் என்பதனாலேயே ஒரு மென்பொருள் பொதுவுடைமையாகிவிடும் என்பர் சிலர். இது மயக்கமேயன்றி வேறன்று. மை எஸ்.கியூ.எல். தரவுத்தளத்தின் மூலநிரல் திறந்தே இருந்தது; பதிப்புரிமையும் வணிகப் பெயரும் ஒரு கம்பனியின் கையில் இருந்தன. 2008இல் சன் நிறுவனம் அதனை ஏறத்தாழ 100 கோடி டொலருக்கு வாங்கிற்று. 2010இல் சன்னையே ஒராக்கிள் விழுங்கிற்று. பிழை திருத்தி உழைத்த பயனாளர்க்கு இவ்விற்பனையைத் தடுக்கும் அதிகாரம் இருந்ததா?

விரும்பாதோர் பிரிந்து செல்லலாமே என்பது மறுப்பு. மூலவருள் ஒருவரான மைக்கேல் விடேனியஸ் 2009இல் அவ்வாறே மரியாடிபியைத் தொடங்கினார். நிரல் அவருடன் சென்றது, பெயர் செல்லவில்லை.

போஸ்ட்கிரெஸ்கியூஎல்லோ தனியொரு கம்பனியின் சொத்தன்று. அதன் மாற்றங்கள் பொது விவாதத்திலே தீர்மானிக்கப்படுகின்றன. நிரலைத் திறப்பது பாதிப் பணியே; முடிவெடுக்கும் அவையும் திறக்கப்படல் வேண்டும்.