ஓ.டி.ன்னா என்ன? கோவையில் ஆளுக்கொரு பதில்!

பீளமேட்டில் ஒரு கல்லூரி மாணவரிடம் ‘ஓ.டி.’ன்னா என்னன்னு கேளுங்க. ‘ஆன் டியூட்டி’ என்பார். சிம்போசியம் போனாலும் அட்டெண்டன்ஸ் கிடைக்கும். கணபதி லேத் பட்டறையில் கேட்டால் ‘அவுட்டர் டயாமீட்டர்’, அதாவது வெளிவிட்டம். வங்கியில் அது ஓவர் டிராஃப்ட். மில் தொழிலாளிக்கோ ஓவர் டைம். ஆங்கிலத்தில் இதன் கடைசி எழுத்து வேறு. தமிழில் எழுதினால் எல்லாமே ஒரே ‘டி’தான்.

இதுவரை சிரிச்சுட்டுப் போயிடலாம். சிக்கல் மருந்துச் சீட்டில்தான். அங்கே ஓ.டி. என்றால் ‘தினமும் ஒரு வேளை’. கண் மருத்துவத்தில் அதுவே ‘ஆகுலஸ் டெக்ஸ்டர்’. லத்தீனில் வலது கண். குடிக்க வேண்டிய திரவ மருந்தைக் கண்ணில் விட்டுவிடும் ஆபத்து இருப்பதால், தவிர்க்க வேண்டிய சுருக்கங்களின் பட்டியலில் இதையும் வைத்திருக்கிறது, மருந்துப் பாதுகாப்புக்காக இயங்கும் அமெரிக்காவின் ஐ.எஸ்.எம்.பி. அமைப்பு.

சுருக்கிச் சொல்வது தப்பில்லை. பட்டறைக்குள் ‘ஓ.டி. 25 மி.மீ.’ என்றால் யாரும் குழம்ப மாட்டார்கள். வேலையும் வேகமா நடக்கும். ஆனால், சீட்டு வாசலைத் தாண்டி, அந்தத் தொழில் தெரியாத ஒருத்தர் கைக்குப் போகும்போது விரித்து எழுதுவதுதான் முறை. ‘தினமும் 1 வேளை’ என்று தமிழில் எழுத எத்தனை நொடி ஆகிவிடும்?

அப்படி எழுதித் தரலைன்னா, மருந்துக் கடையில் கூச்சப்படாமல் கேட்டுடுங்க: “இது எப்போ, எத்தனை வேளைங்க?”