பலகாரத்துக்கு எந்த எண்ணெய்?

தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் சுட எந்த எண்ணெய் வாங்குவது என்ற கேள்வி எங்கள் வீட்டில் ஆண்டுதோறும் எழும். கடலை எண்ணெய்தான் என்பார் என் தாயார். சூரியகாந்தி எண்ணெய் இதயத்துக்கு நல்லது என்பாள் மகள். நான் மளிகைக் கடையில் உறைகளின் பின்புறத்துப் பொடி எழுத்துகளைப் படித்துக்கொண்டு நிற்பேன். முன்புறத்தில் கொட்டை எழுத்தில் 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்றிருக்கும். கொலஸ்ட்ரால் விலங்குக் கொழுப்பைச் சார்ந்தது. தாவர எண்ணெய் எதிலும் அது பொருட்படுத்தும் அளவுக்குக் கிடையாது. இல்லாத ஒன்றை இல்லை என்று சொல்வதற்கு இவ்வளவு பெரிய எழுத்து!

எண்ணெயில் தாளிப்பது வேறு, பொரிப்பது வேறு. பொரிக்கும்போது எண்ணெய் 170 முதல் 180 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நெடுநேரம் காய்கிறது. காற்றும், மாவிலிருந்து வெளியேறும் நீராவியும் அதனோடு வினைபுரிகின்றன. வழக்கமான சூரியகாந்தி எண்ணெயில் பாதிக்கு மேல் இருப்பது பன்மை நிறைவுறாக் கொழுப்பு. அளவாகத் தாளிப்பதற்கு அது நல்லதே. ஆனால், கடும் வெப்பத்தில் விரைவாகச் சிதைந்து ஆல்டிஹைடு போன்ற தீய சேர்மங்களை உண்டாக்குவதும் அதுதான். மறுபுறம், ஏறத்தாழ 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு கொண்ட தேங்காய் எண்ணெயும், பாதியளவு கொண்ட பாமாயிலும் வெப்பத்தை நன்றாகத் தாங்கும். அந்த நிறைவுற்ற கொழுப்புதான் ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலை உயர்த்துகிறது. இந்த இரண்டுக்கும் இடையில் நிற்பது, ஒற்றை நிறைவுறாக் கொழுப்பு மிகுந்த கடலை எண்ணெய். எங்கள் வீட்டு வழக்கில் தாயார் பக்கமே தீர்ப்பு.

செக்கு எண்ணெய் மீதான அண்மைக்கால மோகம் பற்றியும் ஒரு சொல். அதன் மணமும் சுவையும் தனி. ஆனால், சுத்திகரிக்கப்படாத எண்ணெய் குறைந்த வெப்பத்திலேயே புகையத் தொடங்கிவிடும். நன்கு தெளிந்த எண்ணெயாகப் பார்த்து வாங்கி, மிதமான தீயில் சுடுவதே முறை. வாணலியில் புகை எழும்பினால் சிதைவு தொடங்கிவிட்டது என்று பொருள்.

இவ்வளவும் வீட்டுக் கணக்கு. ஆண்டுக்குச் சில நாள்கள் பலகாரம் சுடும் வீட்டைவிட, அன்றாடம் மாலையில் பஜ்ஜியும் வடையும் வாங்கும் தெருமுனைதான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது. எங்கள் பகுதியில் தள்ளுவண்டி வைத்திருப்பவரிடம் ஒருமுறை, எண்ணெய் ஏன் இவ்வளவு கறுத்திருக்கிறது என்று கேட்டேன். ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: பெரிய உணவகம் ஒன்று பயன்படுத்திய எண்ணெயைப் பாதி விலைக்குத் தருகிறது, புது எண்ணெய் ஊற்றினால் பஜ்ஜியின் விலையை ஏற்ற வேண்டும், ஏற்றினால் யாரும் வாங்க மாட்டார்கள். அவரை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. எண்ணெயில் மொத்தத் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிக்கப் பயன்படுத்தும் உணவகங்கள் பதிவேடு வைக்க வேண்டும். கழிவு எண்ணெயை அங்கீகரிக்கப்பட்ட சேகரிப்பாளர்களிடம் ஒப்படைக்க வேண்டும். அதை பயோடீசலாக மாற்றும் திட்டத்தையும் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் அதே ஆண்டில் தொடங்கியது. ஆனால், பதிவேடு கேட்கப்படாத இடத்தில் பழைய எண்ணெய் பின்வாசல் வழியாகத் தள்ளுவண்டிக்கே வந்து சேர்கிறது. சேகரிப்பாளர் தரும் விலை தள்ளுவண்டிக்காரர் தரும் விலையைவிடக் குறைவாக இருக்கும்வரை இது நிற்காது. அந்த இடைவெளியை ஈடுகட்ட அரசு சிறிது பணம் ஒதுக்குவதில் தவறில்லை. நோய்க்குப் பின் மருத்துவமனையில் செலவிடுவதைவிட அது குறைவாகவே இருக்கும்.

விலை என்று வரும்போது நியாயவிலைக் கடையையும் பேசியாக வேண்டும். தமிழகத்தில் குடும்ப அட்டைக்கு மாதம் ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஏழை வீட்டு அடுப்புக்கு அது பேருதவி. அதைக் குறை சொல்வது எளிது, மாற்று தருவதே கடினம். நாடு தனது சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்கிறது. 2022-இல் உக்ரைன் போரால் சூரியகாந்தி எண்ணெய் வரத்து குறைந்தபோதும், அதே ஆண்டு இந்தோனேசியா சில வாரங்கள் பாமாயில் ஏற்றுமதியைத் தடை செய்தபோதும் நம் அடுப்படி வரை அதிர்வு எட்டியது. 2024 செப்டம்பரில் கச்சா எண்ணெய் வகைகளுக்கு 20 சதவீதமாக உயர்த்தப்பட்ட அடிப்படைச் சுங்க வரி, 2025 மே இறுதியில் 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. நுகர்வோருக்கு இது ஆறுதல். விதைக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும் நிலக்கடலை விவசாயிக்கு அப்படியல்ல.

நியாயவிலைக் கடைகளில் பாமாயிலுக்குப் பதிலாகக் கடலை எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் வழங்க வேண்டும் என்று விவசாயிகள் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகின்றனர். தேங்காய் எண்ணெயின் மருத்துவப் பக்கம் குறித்து எனக்குத் தயக்கம் உண்டு. கடலை எண்ணெய் குறித்து இல்லை. மாநிலம் முழுவதும் ஒரேயடியாக மாற்றுவது நிதிநிலைக்குத் தாங்காது என்பது உண்மையே. எனினும், நிலக்கடலை மிகுதியாக விளையும் திருவண்ணாமலை போன்ற ஒரு மாவட்டத்தில், விளைச்சலை அங்கேயே கொள்முதல் செய்து ஆட்டி, லிட்டரில் பாதியைப் பாமாயிலாகவும் பாதியைக் கடலை எண்ணெயாகவும் ஓராண்டு கொடுத்துப் பார்க்கலாம். எவ்வளவு கூடுதல் செலவாகிறது, விவசாயிக்கு என்ன விலை கிடைக்கிறது, அட்டைதாரர்கள் எதை விரும்பி வாங்குகிறார்கள் என்ற கணக்கு அதன்பின் கையில் இருக்கும்.