பாட்டனி படிச்சா பொழைக்க முடியுமா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம். சுந்தரபாண்டியத்தில் எந்த வீட்டுத் திண்ணையில் வேண்டுமானாலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம்.

"என்ன மாப்ள எடுக்கப் போற?"

"பாட்டனி, மாமா."

"பாட்டனியா! அதைப் படிச்சிட்டு மலையில ஆடு மேய்க்கவா? பேசாம பி.காம் சேரு."

பையனும் பி.காம் சேர்ந்துவிடுவான். கதை முடிந்தது.

வேடிக்கை என்னவென்றால், ரெண்டு வருஷமாக "பாட்டனியை ஒழுங்காப் படிடா" என்று விரட்டியவரும் அதே மாமாதான். நீட் தேர்வின் 720 மதிப்பெண்ணில் உயிரியலுக்கு 360. அதில் ஏறத்தாழ பாதி தாவரவியல். ஆக, டாக்டர் ஆவதற்கு பாட்டனி வேண்டும். பாட்டனிஸ்ட் ஆவதற்குத்தான் வேண்டாம்!

சரி, மாமா சொல்வது உண்மையா? பாதி பொய், பாதி நிஜம்.

பொய்யை முதலில் பார்க்கலாம். இந்திய வனப்பணித் தேர்வை பாட்டனி பட்டதாரி எழுதலாம். வெறும் பி.காம் வைத்திருப்பவர் அதற்கு விண்ணப்பிக்கவே முடியாது. எம்.எஸ்ஸி. முடித்து சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். வாங்கினால், பிஎச்.டி. செய்யும்போது மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை (2023 முதல் இந்தத் தொகை). கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. பழைய மெட்ராஸ் ஹெர்பேரியமும் அங்கேதான். டிகிரியே இல்லாதவர்களுக்கும் வழி யோசித்தார்கள்: 2017ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஆரம்பித்த பசுமைத் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில், படிப்பைப் பாதியில் விட்டவர்களும் செடிகொடிகளை இனம்கண்டு பதிவு செய்யும் பயிற்சி பெறலாம் என்று வைத்தார்கள்.

இதில் எத்தனை விஷயம் அந்தத் திண்ணைக்கு வந்து சேர்ந்தது? எஞ்சினியரிங் காலேஜ் பேனர் மட்டும் எல்லா பஸ் ஸ்டாப்பிலும் தொங்குகிறது.

இப்போது நிஜம். மாமாவின் பயத்தில் நியாயம் இருக்கிறது. பெரிய ஹெர்பேரியம் கோவையிலும் திருச்சியிலும். மலையும் செடியும் இங்கே. ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் 1988லேயே சாம்பல் நிற அணில்களுக்குச் சரணாலயம் வந்தது. 2021ல் அது மேகமலையோடு சேர்ந்து 1,016 சதுர கிலோமீட்டர் புலிகள் காப்பகம் ஆனது. அணிலுக்குப் பெயர் கிடைத்தது, புலிக்குப் பெயர் கிடைத்தது. அந்த அணில் கிளைக்குக் கிளை தாவிக் கூடு கட்டும் மரங்களைப் பெயர் சொல்லி அடையாளம் காட்ட அடிவாரத்து ஊர்களில் யாருக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்?

கூத்து இதோடு முடியவில்லை. 2002ஆம் ஆண்டு பல்லுயிர்ப் பெருக்கச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியும் ஒரு மேலாண்மைக் குழு அமைத்து, தன் எல்லையில் உள்ள உயிரினங்களையும், அவை பற்றி ஊர் மக்களுக்குத் தெரிந்ததையும் பதிவேடாக எழுத வேண்டும். 2020 ஜனவரி 31க்குள் முடிக்கச் சொல்லி தேசிய பசுமைத் தீர்ப்பாயம் கெடு வைத்தது. தவறும் மாநிலத்துக்கு மாதம் 10 லட்சம் ரூபாய் கட்டச் சொன்னது. சுந்தரபாண்டியம் பேரூராட்சிக்கும் இதே சட்டம்தான்.

மளிகைக் கடையில்கூட வருஷா வருஷம் இருப்பு எடுக்கிறார்கள். பருப்பைப் பார்த்தால் துவரையா, உளுந்தா என்று தெரிந்த ஆள்தான் எடுக்க முடியும். செடியை அடையாளம் தெரியாதவரிடம் பதிவேட்டைக் கொடுத்து, கெடு வேறு வைத்தால் என்ன வரும்? பக்கம் நிறையும். அவ்வளவுதான். வரி வசூலிக்க ஆள் போடும் பேரூராட்சிக்கு, பதிவேடு எழுத ஒரு பாட்டனி பட்டதாரியைப் போட வேண்டும் என்று ஏன் தோன்றவில்லை? வேலை இருக்கிறது, சட்டமே அதைக் கேட்கிறது. சம்பளம்தான் இல்லை!

காலேஜ்களும் தப்பிக்க முடியாது. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் ஃபாதர் கே.எம். மேத்யூ 1967ல் ராபினட் ஹெர்பேரியத்தைத் தொடங்கினார். காடு மேடெல்லாம் சேகரித்து, தமிழ்நாட்டின் கர்நாடகச் சமவெளித் தாவரங்களைப் பற்றி 1980களில் தொகுதி தொகுதியாக வெளியிட்டார். அதற்கு அடித்தளம் ஒரு காலேஜ் கட்டிடம்தான். அதை சுற்றுவட்டாரக் காலேஜ்களும் செய்யலாமே? வருஷத்துக்கு ஒரு ஊட்டி டூர் போய் ஃபோட்டோ எடுப்பதற்குப் பதிலாக, செண்பகத்தோப்பிலும் அய்யனார் கோவில் பக்கமும் வனத்துறை அனுமதியோடு மாதம் ஒருநாள் நடந்தால் என்ன? அங்கே பளியர்கள் இருக்கிறார்கள். எந்தக் கிழங்கு எப்போது விளையும், எந்த மரத்தில் தேனடை கட்டும் என்று அறிந்தவர்கள். அவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு போவதோடு நிறுத்தாமல், ஆசிரியர் என்று அழைத்து, ஆசிரியருக்கு உரிய ஊதியம் கொடுக்க வேண்டும்.

சதுரகிரியை 'மூலிகை மலை' என்று பெருமையடிக்காத ஆள் இந்தப் பக்கம் கிடையாது. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் தாணிப்பாறையில் கூட்டம் அலைமோதுகிறது. மூலிகை வேண்டும், மூலிகையைப் படிக்கிற பையன் மட்டும் வேண்டாமா? இது என்ன நியாயம்?

படிக்கிற நண்பர்களுக்கு ஒரு வேலை. உங்கள் ஊர் பேரூராட்சி அலுவலகத்துக்கோ ஊராட்சி அலுவலகத்துக்கோ போய் "பல்லுயிர்ப் பதிவேட்டைக் காட்டுங்க சார்" என்று கேளுங்கள். காட்டவில்லையா, ஆர்.டி.ஐ. போடுங்கள். காட்டினால், அதில் எத்தனை செடி இருக்கிறது, எழுதியது யார், அவருக்கு என்ன கொடுத்தார்கள் என்று பாருங்கள்.

பாட்டனி படிச்சா பொழைக்க முடியுமா என்ற கேள்வியைப் பதினேழு வயசுப் பையனிடம் கேட்டது போதும். இனி அந்த அலுவலகத்தில் கேளுங்கள்.