ஊர்ப் பெயரை நம்பி ரூம் போடாதீர்கள்!

புதிதாக கம்ப்யூட்டரும் இன்டர்நெட் இணைப்பும் வாங்கியவர்கள் ஆசையாகச் செய்து பார்க்கும் வேலைகளில் ஒன்று, வெளியூரில் தங்குவதற்கு ஓட்டல் அறை பதிவு செய்வது. நல்ல விஷயம்தான். ஆனால் நான் ஏமாந்த கதையைப் படித்துவிட்டு கிளிக் செய்யுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் ராஜபாளையம். வேலை சென்னையில். திருவண்ணாமலையில் ஒரு நேர்த்திக்கடனுக்காக, புரட்டாசி சனிக்கிழமை அன்று மும்பையிலிருந்து பெரியப்பா குடும்பம் எட்டுப் பேராக வருவதாகச் சொன்னார்கள். எங்கள் வீட்டில் அத்தனை பேர் படுக்க இடமில்லை. "நீதான் கம்ப்யூட்டர்ல வேலை பாக்குறியே, ரூம் போட்டுடு தம்பி" என்று சொல்லிப் பணமும் அனுப்பிவிட்டார் பெரியப்பா.

எங்கள் பக்கத்தில் திருவண்ணாமலை என்றால், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகில் சில கிலோமீட்டரில் இருக்கும் சிறிய மலை. மேலே சீனிவாசப் பெருமாள் கோவில். தென்திருப்பதி என்பார்கள். புரட்டாசி சனிக்கிழமைகளில் கூட்டம் தாங்காது. கிரிவலம் போகும் அண்ணாமலையார் ஊர் வேறு. இரண்டுக்கும் நேர்கோட்டில் அளந்தாலே 300 கிலோமீட்டருக்கு மேல்.

ஊர்க்காரனான எனக்கு இது தெரியாதா? தெரியும். ஆனாலும் அவசரத்தில் ஊர்ப் பெயரை டைப் செய்தேன். கீழே விரிந்த பட்டியலில் முதலில் வந்ததைத் தேர்ந்தெடுத்தேன். "இன்னும் 3 அறைகள் மட்டுமே" என்று சிவப்பு எழுத்து மிரட்டியது. தள்ளுபடி விலையில் மூன்று அறைகளுக்கும் பணம் கட்டிவிட்டேன்.

மறுவாரம் பெரியப்பா போன் செய்தார். தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "தம்பி, விலாசத்துல பின்கோடு 606601னு இருக்கே. நம்ம பக்கம் 626ல தானப்பா ஆரம்பிக்கும்?" என்றார். தள்ளுபடி விலை என்பதால் ரத்து செய்தாலும் பணம் வராது என்று நிபந்தனையிலேயே இருந்தது. நான்தான் படிக்கவில்லை. போனது அவருடைய பென்ஷன் பணம். திருப்பிக் கொடுத்தபோது வாங்க மறுத்துவிட்டார். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

என்னைப் போன்றவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். 2013-ல் ஒரு அமெரிக்கத் தம்பதியர் ஸ்பெயினில் உள்ள கிரனாடாவுக்குப் போக நினைத்து, கரீபியன் கடலில் உள்ள கிரெனடா தீவுக்கான விமானத்தில் ஏறிவிட்டார்கள்.

கம்ப்யூட்டர் நாம் டைப் செய்ததைத் தேடும். நாம் மனதில் நினைத்ததைத் தேடாது. எனவே ஓட்டலைத் தேடும் முன், போக வேண்டிய இடத்தை மேப்பில் தேடுங்கள். கோவிலோ அருவியோ கல்யாண மண்டபமோ, அதைக் கண்டுபிடித்து, அதைச் சுற்றி என்ன ஓட்டல்கள் இருக்கின்றன என்று பாருங்கள். பணம் கட்டும் முன் மாவட்டத்தையும் பின்கோடையும் சரிபாருங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் 626125, ராஜபாளையம் 626117.

ரிசார்ட்டா, டவுன் ஓட்டலா?

படத்தில் நீச்சல் குளத்தைப் பார்த்தால் ரிசார்ட்தான் பிடிக்கும். ஆனால் விடியற்காலையில் மலைக்குப் போகிறவருக்கு நீச்சல் குளம் எதற்கு? குற்றாலம் பக்கம் ரிசார்ட் எடுத்தால், ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து சேரவே காரில் ஒன்றரை மணி நேரம் ஆகும். கோவில்தான் நோக்கம் என்றால் ஸ்ரீவில்லிபுத்தூர் லாட்ஜ் போதும். ஆண்டாள் கோவிலுக்கும் போகலாம், பால்கோவாவும் வாங்கலாம். அங்கே இடமில்லை என்றால், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் ராஜபாளையம் இருக்கிறது. எங்கள் பெரியப்பா குடும்பம் கடைசியில் அங்குதான் தங்கியது. குழந்தைகளோடு இரண்டு நாள் எங்கும் போகாமல் ஓய்வெடுக்க வேண்டுமா? அப்போது ரிசார்ட் எடுங்கள்.

விலையை ஒப்பிடும்போது வரியையும் சேர்த்துப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். விமர்சனங்களில் புதியவற்றை முதலில் படியுங்கள். பிறகு ஓட்டலுக்கே போன் செய்து மூன்று கேள்விகள் கேளுங்கள்: வென்னீர் எத்தனை மணிக்கு வரும், செக்-அவுட் 24 மணி நேரக் கணக்கா அல்லது பகல் 12 மணியா, நேரில் வந்தால் என்ன வாடகை?

தவறு என்னுடையதுதான். ஆனாலும் புக்கிங் தளங்களுக்கும் பொறுப்பு உண்டு என்பது என் கருத்து. ஒரே பெயரில் இரண்டு இடங்கள் இருந்தால் "எந்த மாவட்டம்?" என்று கேட்பது ஒரு புரோகிராமருக்குப் பெரிய வேலை அல்ல. இல்லாத தட்டுப்பாட்டைக் காட்டி அவசரப்படுத்துவதையும், கடைசிப் பக்கத்தில் கட்டணத்தை ஏற்றுவதையும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ல் வெளியிட்ட விதிமுறைகள் தடை செய்கின்றன. இப்படி ஏமாற்றப்பட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.

சிவப்பு எழுத்தைப் பார்த்து அவசரப்படாதீர்கள். பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு, கூட வருகிறவர்களிடம் ஒருமுறை விலாசத்தை வாசித்துக் காட்டுங்கள். அன்று நான் பெரியப்பாவுக்கு ஒரு போன் செய்திருந்தால், அந்தப் பணம் மிஞ்சியிருக்கும்.