பே ஸ்லிப் என்னும் சாதிச் சான்றிதழ்

நம் பிள்ளைகளுக்குச் சம்பளம் பேசத் தெரியவில்லையாம். லிங்க்ட்இன்னிலும் யூடியூபிலும் வாரம் ஒருவர் வந்து வகுப்பெடுக்கிறார். தன்னம்பிக்கையோடு கேள், தயங்காதே, கையில் இன்னொரு ஆஃபரை வைத்துக்கொண்டு பேசு என்கிறார்கள். அந்த இன்னொரு ஆஃபர் வரும்வரை வீட்டில் உலை வைப்பது யார் என்று மட்டும் எவரும் சொல்வதில்லை.

சம்பளப் பேரத்துக்கு வாய்ச்சாமர்த்தியம் போதாது. இந்த வேலை வேண்டாம் என்று எழுந்துவர முடிகிறவனால்தான் பேரம் பேச முடியும். அந்த 'வேண்டாம்' அப்பாவின் பென்ஷனிலிருந்து வருகிறது, சொந்த வீட்டிலிருந்து வருகிறது, ஐடியிலேயே இருபது வருடம் இருக்கும் சித்தப்பாவின் ஒரு போன் காலிலிருந்து வருகிறது. முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழ் காட்டிக் கட்டணச் சலுகையில் படித்து வந்தவளுக்கு இதில் எது இருக்கிறது? கல்விக்கடன் இருக்கிறது, தம்பியின் ஹாஸ்டல் ஃபீஸ் இருக்கிறது. கேம்பஸில் கொடுத்த மூன்றரை லட்சத்தை வாங்கிக்கொள்கிறாள். அவளுக்குத் தன்னம்பிக்கை இல்லை என்று சொல்லாதீர்கள். வீட்டுக் கணக்கு அவளுக்குத் தெரியும்.

முதல் வேலை போகட்டும், அடுத்ததில் சரிசெய்துகொள்ளலாம் என்பார்கள். அடுத்த கம்பெனியின் ஹெச்ஆர் கேட்கும் முதல் கேள்வியே 'கரண்ட் சிடிசி எவ்வளவு?' என்பதுதான். பிறகு மூன்று மாத பே ஸ்லிப்பை அனுப்பச் சொல்வார். நீ செய்யப்போகும் வேலைக்கு என்ன விலை என்ற பேச்சே அங்கு கிடையாது. ஏற்கெனவே வாங்குவதன் மேல் 30 சதவீதம் ஹைக், அவ்வளவுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருத்தி 3.5 லட்சத்தில் தொடங்குகிறாள், இன்னொருவன் 6 லட்சத்தில். இருவரும் மூன்று முறை கம்பெனி மாறி, மூன்று முறையும் அதே 30 சதவீதம் வாங்கினால், அவளுக்கு 7.7 லட்சம், அவனுக்கு 13.2 லட்சம். இரண்டரை லட்சமாக இருந்த இடைவெளி ஐந்தரை லட்சமாகிவிட்டது. யாரும் சாதியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசத் தேவையுமில்லை. பே ஸ்லிப் பேசிவிட்டது.

இன்டர்வியூ பேனலில் இப்போது நானும் உட்காருகிறேன். ஒரு பதவிக்கு 12 லட்சம் வரை ஒப்புதல் இருக்கும். தேர்வானவர் 5 லட்சம் வாங்குகிறார் என்று தெரிந்ததும், "ஏழு கொடுத்தாலே சந்தோஷமாக வருவார்" என்பார்கள். மீதி ஐந்து லட்சத்துக்குப் பெயர் 'காஸ்ட் சேவிங்'. அதை மிச்சப்படுத்தியவருக்கு அப்ரைசலில் பாராட்டு வேறு. தகுதி, திறமை என்று இட ஒதுக்கீட்டுக்கு எதிராகத் தொண்டை கிழியப் பேசும் அதே வாய்கள், தேர்வில் முதலாவதாக வந்தவருக்குத் திறமைக்கான விலையைத் தரமாட்டேன் என்கின்றன.

இது கற்பனைப் புலம்பல் அல்ல. 2007-இல் எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லியில் சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தனியார் வேலைகளுக்கு ஒத்த தகுதியோடு, பெயரை மட்டும் மாற்றி விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். உயர்சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வரும் சாத்தியம் 1 என்றால், தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. அதே ஆண்டு அதே இதழில் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் பெரிய நிறுவனங்களின் ஹெச்ஆர் மேலாளர்களைச் சந்தித்து எழுதினார்கள். தகுதி மட்டும்தான் பார்ப்போம் என்ற அந்த மேலாளர்கள், 'குடும்பப் பின்னணி' பற்றியும் கேட்போம் என்று கூச்சமில்லாமல் சொன்னார்கள். நம்மூரில் பெயருக்குப் பின்னால் சாதி இல்லை, அது திராவிட இயக்கம் தந்த கொடை. அதனால் கேள்வி சுற்றிவளைத்து வருகிறது. அப்பா என்ன செய்கிறார்? சொந்த ஊர் எது? ஊரில் எந்தப் பக்கம்? ஊருக்கும் சேரிக்கும் நடுவில் கோடு போட்ட நாட்டில் கடைசிக் கேள்வியின் அர்த்தம் எனக்குத் தெரியாதா?

சட்டம் என்ன சொல்கிறது? 2019 ஊதியச் சட்டத் தொகுப்பு பாலினத்தை வைத்து ஊதியத்தில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. அந்தப் பிரிவில் சாதி என்ற சொல்லே இல்லை. கலிஃபோர்னியாவில் 2018 ஜனவரி 1 முதல் பழைய சம்பளத்தைக் கேட்பதே சட்டவிரோதம். பெண்களின் குறைந்த சம்பளம் வேலைக்கு வேலை பின்தொடர்கிறது என்பதால் வந்த தடை அது. 2023 முதல் 15 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள நிறுவனங்கள் வேலை விளம்பரத்திலேயே சம்பள வரம்பைப் போட வேண்டும். அங்கே தலைமையகம் வைத்து இதற்கெல்லாம் கட்டுப்படும் கம்பெனிகள்தான் ஓஎம்ஆரில் பே ஸ்லிப்பை நீட்டு என்கின்றன.

கடை ஊழியர்கள் உட்கார நாற்காலி வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு சட்டமன்றம் 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தியது. பழைய சம்பளத்தைக் கேட்கக் கூடாது, சம்பள வரம்பை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்று அதே சட்டமன்றம் இன்னொரு திருத்தம் கொண்டுவர வேண்டும். ஐடி ஊழியர் சங்கங்கள் இதைக் கோரிக்கைப் பட்டியலில் மேலே வைக்க வேண்டும்.

அதுவரை சம்பளத்தை ரகசியமாக வைத்திருப்பதை நாம் நிறுத்தலாம். எந்தக் கம்பெனி, எந்தப் பதவி, எத்தனை வருட அனுபவம், கைக்கு வருவது எவ்வளவு என்று எங்கள் கல்லூரி நண்பர்கள் நாற்பது பேர் ஒரு ஷீட்டில் எழுதிவைக்கிறோம். சிடிசியை எழுதுவதில்லை, கிராஜுவிட்டியையும் கம்பெனி கட்டும் பிஎஃப்பையும் சேர்த்து ஊதிய பலூன் அது. சித்தப்பா இல்லாதவர்களுக்கு இந்த ஷீட்தான் சித்தப்பா. போன மாதம் அதைப் பார்த்துவிட்டுப் போன ஒருத்தி, கரண்ட் சிடிசி கேட்டபோது, "இந்தப் பதவிக்கு நீங்கள் ஒதுக்கியிருப்பது எவ்வளவு?" என்று திருப்பிக் கேட்டாள். சொன்னார்கள்.