கூந்தலில் பூசிய செந்நீர்



சொந்த ரத்தத்தில் காதலனின் முகத்தை வரையச் சொல்லிப் பரிசளிக்கும் காணொளி ஒன்றை அனுப்பி, "ஐயா, இதுவும் கலைதானா?" என்று கேட்டிருக்கிறார் நம் இளம் வாசகி ஒருவர். நம் மலேசியாவின் தெலுக் இந்தானில் சித்ரா பௌர்ணமி களைகட்டும் நேரத்தில் வந்த கேள்வி.

சென்னையில் இது கடை போட்டு நடந்த தொழில். ரத்தம் எடுத்தவர்களுக்கு மருத்துவப் பயிற்சி இருக்கவில்லை. ஒரே ஊசி பலருக்கும் போனால் எச்ஐவியும் மஞ்சள் காமாலைக் கிருமியும் கூடவே போகும். 2022 டிசம்பரில் தமிழக அரசு இதைத் தடை செய்தது. நல்ல காரியம். அதற்கு முன்பே, 2013இல், கராத்தே வீரர் ஷிஹான் ஹுசைனி தம் ரத்தத்தையும் மாணவர்களின் ரத்தத்தையும் சேர்த்து 11 லிட்டரை உறையவைத்து, அன்றைய தமிழக முதல்வர் ஜெயலலிதாவுக்குச் சிலை செய்தார். பிரிட்டன் சிற்பி மார்க் குவின் 1991இலேயே தம் ரத்தத்தில் தம் தலையை வார்த்தவர். அது அவருடைய ரத்தம், அவருடைய முகம். பிள்ளைகளின் ரத்தத்தைத் தலைவருக்குக் காணிக்கையாக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஹுசைனி 2025 மார்ச்சில் ரத்தப் புற்றுநோயால் மறைந்தார் என்ற செய்தி மனத்தைப் பிசைந்தது.

நம் கூத்து ரத்தத்துக்கு அஞ்சியதே இல்லை, அம்மா. தமிழ்நாட்டுத் திரௌபதி அம்மன் கோயில்களில், பாரதப் போரின் முடிவை நடித்துக் காட்டும் படுகளத்தன்று, மண்ணால் செய்த துரியோதனன் மைதானத்தில் மல்லாந்து கிடப்பான். தொடைக்குள் செந்நீரை மறைத்து வைத்திருப்பார்கள். பீமன் அடித்துப் பிளந்ததும், திரௌபதி வேடக்காரர் அதைத் தொட்டு, விரித்த கூந்தலில் பூசி முடிவார். கூட்டம் விம்மும். ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பைக் கரைத்தால் வருமே, அப்படியொரு சிவப்புதான் அது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் அழுகிறார்களே, அங்கேதான் கலை இருக்கிறது.

நம்மூர்க் காவடியையும் பாருங்கள். நாக்கிலும் கன்னத்திலும் அலகு ஏறும். "ஒரு சொட்டு ரத்தம் வரல" என்பதைத்தான் குடும்பமே முருகன் அருளாகச் சொல்லிப் பூரிக்கும். அலகை உருவியதும் விபூதியை வைத்து அழுத்துவார்கள்.

ரத்தம் கொடுக்கத்தான் வேண்டுமென்றால், 18 வயதும் 45 கிலோ எடையும் இருப்பவர்கள் அரசு மருத்துவமனை ரத்த வங்கிக்குப் போகலாம். 450 மில்லிலிட்டர் வரை, புது ஊசியில், பரிசோதித்து எடுப்பார்கள். பிரசவத்தில் தவிக்கும் தாய்க்கோ தலசீமியா குழந்தைக்கோ அது போய்ச் சேரும். காதலனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

தோட்டத்து மேடைகளில் நாடகம் போட்ட பெரியவர்களே, சண்டைக் காட்சிக்குப் பொய் ரத்தத்தை எதைக் கரைத்துச் செய்தீர்கள்? எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்