ஆடிக்காற்றும் அல்லித் தொட்டியும்

வீட்டுக் குளம் வளர்ப்பதைப் பற்றிக் கைக்குக் கிடைக்கிற புத்தகங்களில் பாதிக்கு மேல் குளிர்தேசத்துக்காரர்கள் எழுதியவை. மேலே உறைந்த பனிக்கட்டியில் ஓட்டை போட்டு வையுங்கள், இலையுதிர் காலத்தில் இரையைக் குறையுங்கள் என்று அக்கறையோடு சொல்வார்கள். கீரனூரில் உட்கார்ந்து அதைப் படித்தால் சிரிப்புதான் வரும். பழனிக்கும் தாராபுரத்துக்கும் நடுவே கிடக்கிற மழைமறைவுப் பூமி இது. இங்கே குளத்துக்குப் பருவம் வகுக்கிறது குளிரில்லை, மழைகூட இல்லை. காற்று.

நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையில் மேற்குத் தொடர்ச்சி மலை 30 கிலோமீட்டருக்கு மேல் வாயைத் திறந்து வைத்திருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மழையைக் கேரளத்தில் கொட்டிவிட்டு, பாலக்காட்டுக் கணவாய் வழியாக வெறுங்கையோடு நம் பக்கம் வருகிறது. உடுமலை, தாராபுரம் வட்டாரத்தில் காற்றாலைகள் வரிசைகட்டி நிற்பது அதனால்தான். வைகாசிக் கடைசியில் பிடித்தால் ஆவணி வரைக்கும் விடாது. காயப்போட்ட வேட்டி அடுத்த தெருவுக்குப் போகும். குளத்துத் தண்ணீர் எங்கே போகிறது என்பது மட்டும் கண்ணுக்குத் தெரியாது.

எங்கள் கொல்லையில் இருக்கிற தொட்டி 8 அடி நீளம், 6 அடி அகலம், 3 அடி ஆழம். தோராயமாக 4,000 லிட்டர் பிடிக்கும். காற்றடி காலத்தில் நாளொன்றுக்கு 8 மில்லிமீட்டர் தண்ணீர் ஆவியானால், இந்தப் பரப்புக்கு 35 லிட்டர் ஆகிறது. இரண்டு குடத்துக்கு மேல். மாதம் ஆயிரம் லிட்டர், அதாவது தொட்டியில் கால்வாசி. சரி, போர் தண்ணீரைத் திறந்துவிட்டு நிரப்பினால் தீர்ந்தது என்றுதான் யாருக்கும் தோன்றும். கோளாறு அங்கேதான் ஆரம்பம். காற்று தண்ணீரைத்தான் கொண்டுபோகிறது, உப்பைக் கொண்டுபோவதில்லை. உப்புத் தண்ணீரின் மேல் உப்புத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனால், ஆனியில் தொடங்கிப் புரட்டாசிக்குள் தொட்டியின் உப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். சுவரில் வெள்ளை வெள்ளையாகப் படிந்து நிற்கிற கோடு அதில் ஒரு பங்குதான், மிச்சம் தண்ணீருக்குள் இருக்கிறது. அல்லி இலையின் ஓரம் கருகுவதைப் பார்த்துவிட்டு உரம் போதவில்லை என்று உரம் வைப்பவர்களும் உண்டு.

எனவே காற்றுக் காலத்தில் ஊற்றுவது மட்டும் போதாது, வடிக்கவும் வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை அடித்தண்ணீரில் பத்தில் ஒரு பங்கை எடுத்துவிடுவேன். அது முருங்கைக்கும் தென்னைக்கும் போகிறது. மீன் கழிவு கலந்த தண்ணீர். அந்த முருங்கை காய்க்கிற காய்ப்புக்கு வேறு எருவே வைத்ததில்லை.

அடுத்த வீட்டு அண்ணன் விவசாயி. வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடி கேட்பார்: “ஏனுங்க, குடிக்கத் தண்ணிக்கே லாரியப் பாத்துக் கெடந்த ஊருல, மீனுக்கு இத்தன தண்ணியா?” நியாயமான கேள்விதான். அழகுக்காக மட்டும் போரை ஓட்டி, வடிகிற தண்ணீரைச் சாக்கடையில் விடுகிறவர்கள் குளம் வைக்கவே கூடாது என்பதில் நானும் அவர் கட்சி. மரத்துக்குப் பாய்கிற தண்ணீர் போகிற வழியில் மீனைப் பார்த்துவிட்டுப் போகிறது, அவ்வளவுதான் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவர் முழுசாக ஒப்புக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

தொட்டி கட்டியதும் மீனை விட்டுவிடக் கூடாது என்பது கொத்தனாருக்கே தெரிந்திருக்கும். புதுச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு இறங்கி, தண்ணீரின் காரத்தன்மை மீனின் செவுளைப் பொசுக்குகிற அளவுக்கு ஏறும். வாழைமட்டையையும் தண்டையும் வெட்டிப்போட்டு, சாணியைக் கரைத்து ஊற்றி, ஊறவிட்டு, இறைத்து, மறுபடி ஊறவிடுவது நம் ஊர் வழக்கம். அழுகுகிற வாழை அமிலத்தைக் கக்கிச் சுண்ணாம்பின் காட்டத்தை முறிக்கிறது. நாற்றம் குடலைப் பிடுங்கும். அக்கம்பக்கத்தாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. அதன்பிறகும் ஒரு மாதம் அதிகம் மீன் விடாமல் வைத்திருந்தால்தான் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைத் தின்று மாற்றுகிற நுண்ணுயிர்கள் சுவரிலும் சரளையிலும் குடியேறும். கடையில் விற்கிற எந்தப் பாட்டிலும் இந்தப் பொறுமைக்கு ஈடில்லை என்பது என் கட்சி.

ஆடிக்காற்றைத் திட்டிக்கொண்டே இருந்தாலும் அது ஒரு உதவி செய்கிறது. அலையடித்து அலையடித்து ஆக்சிஜனைத் தண்ணீருக்குள் இறக்குகிறது. அந்தக் காற்று இன்னும் பிடிக்காத சித்திரை, வைகாசி முன்பாதியில்தான் மீன்களுக்கு உண்மையான கண்டம். 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைத்திருக்கும். 30 டிகிரியில் ஏழரைதான். 35-ஐத் தொட்டால் ஏழுக்கும் கீழே. வெயில் ஏற ஏற மீனின் உடம்பு அதிகம் கேட்கிறது, தண்ணீர் குறைவாகக் கொடுக்கிறது. போதாததற்குப் பச்சைப்பாசி. பகலெல்லாம் ஆக்சிஜனைக் கொடுக்கிற பாசி, பொழுது சாய்ந்ததும் மீனோடு போட்டி போட்டு அதையே உறிஞ்சுகிறது. விடிவதற்குச் சற்று முன்தான் கையிருப்பு அடிமட்டத்துக்குப் போகும்.

அந்த நேரத்தில் டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும். மீன்கள் எல்லாம் மேலே வந்து, உடம்பைச் சாய்த்து, காற்றைத் தொடுகிற அந்த மெல்லிய தண்ணீர்த் தோலை வாயால் உறிஞ்சிக்கொண்டிருக்கும். பெரிய மீன்தான் முதலில் மேலே வரும். பொடிசுகள் கடைசிவரை சமாளிக்கும். காலை எட்டு மணிக்குப் போய்ப் பார்க்கிறவருக்கு இது எதுவும் தெரியாது, வெயில் பட்டதும் பாசி வேலையைத் தொடங்கி மீன்கள் கீழே போயிருக்கும். இரண்டு நாள் கழித்துப் பெரிய மீன் ஒன்று செத்து மிதக்கும்போது, யாரோ கண்வைத்துவிட்டார்கள் என்பார்கள். ராத்திரியில் ஓடுகிற ஒரு சின்னக் காற்றுமோட்டார் போதும். மின்சாரம் போய்விட்டால், குடத்தில் மொண்டு உயரத்திலிருந்து அதே தொட்டியில் ஊற்றினாலும் அந்த நேரத்துக்கு உயிர் தப்பும். அந்த மாதங்களில் சாயங்காலம் இரை போடவே கூடாது. விருந்தாளிப் பிள்ளைகள் பொரியோடு வந்து நிற்கும், கோயில் குளத்துப் பழக்கம். தின்றது போக ஊறிக் கிடக்கிற பொரியெல்லாம் அழுகும்போது மீனின் மூச்சைத்தான் தின்னும்.

நிழலும் வேண்டும். தொட்டிப் பரப்பில் பாதிக்கு மேல், மூன்றில் இரண்டு பங்குக்குள் இலை மூடியிருந்தால் கணக்குச் சரி. அதற்கு அல்லியைப் போல ஒன்றும் இல்லை. வாயகன்ற தொட்டியில் கரம்பை மண்ணை நிரப்பி, கிழங்கைப் படுக்கவைத்து, மீன் கிளறாமல் இருக்க மேலே இரண்டு விரற்கடை சரளை போட்டு இறக்கிவிட வேண்டியதுதான். செவ்வல்லி ராத்திரி மலர்ந்து மறுநாள் பத்து மணிக்குள் கூம்பிவிடும், அலுவலகம் போகிறவர்கள் காலையில் ஒரு நடை பார்த்துக்கொள்ளலாம். நீல ஆம்பல் பகலில் மலரும். தாமரைக்கு என்னிடம் தனித் தொட்டி. அதன் காம்பு தண்ணீருக்கு மேலே எழுந்து நிற்பதால் காற்று அதை ஒடிக்காமல் விடாது, சுவரோரமாக வைத்தால் தப்பிக்கும். ஆகாயத்தாமரையை மட்டும் யார் ஓசியில் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். தென்னமெரிக்காவிலிருந்து பூவழகுக்காகக் கொண்டுவரப்பட்டது, நம் ஏரி குளங்களை என்ன பாடு படுத்துகிறது என்று பேருந்து ஜன்னல் வழியே பார்த்தாலே தெரியும்.

தொட்டி என்றதும் டெங்குவுக்கு வருவார்கள். கொசுப்புழு பார்க்க வருகிற பணியாளர்கள் மீன் தொட்டியைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போய், பூந்தொட்டிக்கு அடியில் இருக்கிற தட்டைத்தான் தூக்கிப் பார்ப்பார்கள். தொழில் தெரிந்தவர்கள். ஏடிஸ் கொசு முட்டையிட்டால் பத்து நாளுக்குள் புதுக் கொசு பறந்துவிடும். மீன் இருக்கிற இடத்தில் அந்தப் பத்து நாள் அதற்குக் கிடைக்காது. மீன் இல்லாத தாமரைத் தொட்டிதான் ஆபத்து. கொசுவை ஒழிக்கவென்று 1928-இல் இத்தாலியிலிருந்து கம்பூசியா என்ற மீனை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அது கொசுப்புழுவோடு நிற்காமல் தவளையின் தலைப்பிரட்டையையும் மற்ற மீன்களின் குஞ்சையும் சேர்த்துத் தின்கிறது. நம் வாய்க்கால்களிலேயே முண்டக்கண்ணி இருக்கிறது. நெற்றியில் வெள்ளிப் பொட்டு வைத்த விரல் நீள மீன். தண்ணீரின் மேல்மட்டத்திலேயே திரிந்து புழுவைப் பொறுக்கித் தின்னும். தாமரைத் தொட்டிக்கு நாலைந்து விட்டால் போதும்.

இப்போது புரட்டாசி. காற்று தணிந்துவிட்டது. தட்டான்கள் கூட்டமாக வந்திருக்கின்றன. பொன் மஞ்சள் நிறத்தில் ஒரு வகை உண்டு, கீழே உட்காராமல் பறந்துகொண்டே இருக்கும். இதே மாதங்களில் இவை மாலத்தீவில் இலட்சக்கணக்கில் வந்து இறங்குவதைக் கவனித்த சார்லஸ் ஆண்டர்சன் என்ற உயிரியலாளர், இந்தியாவிலிருந்து கிளம்பிக் கடல் தாண்டிக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போகின்றன என்று 2009-இல் எழுதினார். போகிற போக்கில் எங்கள் தொட்டியில் வாலால் தொட்டுத் தொட்டு முட்டையிட்டுவிட்டுப் போகின்றன. அதிலிருந்து வருகிற புழு மீன்குஞ்சுகளைப் பிடித்துத் தின்னும். பிறகு ஒரு ராத்திரி அல்லிக் காம்பில் ஏறி, முதுகு வெடித்து, ஈரச் சிறகோடு வெளியே வரும். காலையில் காம்பைப் பற்றியபடி கூடு மட்டும் இருக்கும், கண் இருந்த இடம்கூட அப்படியே கண்ணாடிபோல. சில குஞ்சுகள் போனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஐப்பசி மழைக்கு முன் வேலை இருக்கிறது. 2003-இல் எல்லா வீட்டிலும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது போட்ட கூரைக் குழாயை, குழிக்குப் போகும் வழியில் தொட்டிக்கும் திருப்பிவிட்டிருக்கிறேன். நான்கு மாதம் சேர்ந்த உப்புக்கு மழைத்தண்ணீரை விட மருந்தில்லை. முதல் மழையின் தண்ணீரை மட்டும் வெளியே விட்டுவிட வேண்டும், ஆடி முழுக்கக் கூரையில் சேர்ந்த புழுதியும் தீபாவளி வெடியின் சாம்பலும் அதில்தான் வரும். மார்கழிக் குளிரில் மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் தனித் தொட்டியில் லிட்டருக்கு 3 கிராம் கல்லுப்பு. அல்லி இருக்கிற தொட்டியில் உப்பைக் கொட்டக் கூடாது. குளிர்காலத்தைப் பற்றி இந்த ஊரில் எழுத இவ்வளவுதான்.

முக்கியமான வேலை, நிரம்பி வழிகிற குழாயின் வாயில் வலை கட்டுவது. ‘மீன்காரத் தெரு’ என்று நாவலுக்கே பெயர் வைத்த கீரனூர் ஜாகிர்ராஜாவின் ஊர் இது, மீன் என்றால் இங்கே முதலில் நினைவுக்கு வருவது சட்டி. வளர்க்கிற மீன் என்றால் பலருக்குப் புரிவதில்லை. அண்ணன் வீட்டுப் பையன் அமராவதியில் பிடித்ததை ஒரு வாளியில் கொண்டுவந்து, என்னைக் கேட்காமல் தொட்டியில் ஊற்றிவிட்டான். பார்த்தால் ஜிலேபிக் கெண்டை. ஆப்பிரிக்க மீன். 1952-இல் இந்தியாவுக்கு வந்தது, இன்று அமராவதி அணையில் அதன் ராஜ்ஜியம்தான். தாய்மீன் முட்டையை வாயில் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்து பொரிக்கும். பொரித்த பிறகும் நம் நிழல் விழுந்தால் குஞ்சுகள் எல்லாம் புகைபோல அதன் வாய்க்குள் போய்விடும். நிழல் விலகியதும் ஒவ்வொன்றாகத் துப்பும். பார்க்க ஆசையாக இருக்கும். இரண்டு மூன்று மாதத்தில் அந்தக் குஞ்சுகளே தாயாகிவிடும் என்பதுதான் தொல்லை. தங்க மீனுக்கு வைத்த இரையும் போய், அல்லித் தொட்டியின் சரளையும் குழிகுழியாகிவிட்டது. மழையில் தொட்டி வழிந்து ஓடைக்குப் போனால், இன்னும் ஜிலேபி எட்டாத குட்டைகளுக்கும் குடிபோய்விடும். கடையில் வாங்கிய மீன் அலுத்துப்போய்ச் சண்முகா நதியில் கொண்டுபோய் விடுகிறவர்களும் புண்ணியம் செய்வதாக நினைத்து இதைத்தான் செய்கிறார்கள்.

மழைக்கு முன்னால் தொட்டியை இறைத்து ஜிலேபிகளை எல்லாம் எடுத்துவிடலாம், உங்களுக்கே தருகிறேன் என்று அண்ணனிடம் சொன்னேன். அவர் வேலியைப் பிடித்துக்கொண்டு யோசித்தார்.

“புரட்டாசிங்க. வூட்டுல கவிச்சி பொழங்கறதில்ல. இன்னுங் கொஞ்ச நாளு உள்ளயே கெடக்கட்டும், கொழுக்கட்டும். ஐப்பசி ஒண்ணாந்தேதி வெடியால சட்டியோட வந்தர்றன்.”

மழை அதுவரை பொறுக்க வேண்டுமே என்றேன். அதற்குத்தான் நீங்கள் வலை கட்டுகிறீர்களே என்றார்.